சாமி அலமாரியில் எட்டு மாதம்: ‘அச்சமே’ அணியின் பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணியில் வீற்றிருக்கும் அக்கா, அண்ணன்மார்களே, எல்லாருக்கும் சேர்த்து ஒரே வணக்கம். ஆளுக்கொரு வணக்கம் வைத்தால் என் மாமனாருக்கு நேரம் இருக்காது. ஏனென்றால் இன்றைக்கு என் வாதத்தில் முக்கால் பங்கு அவர்தான். மூன்றாவது வரிசையில் நீலச் சட்டை போட்டு உட்கார்ந்திருக்கிறார். முறையாக அனுமதி வாங்கிவிட்டேன். “மாமா, பட்டிமன்றத்துல உங்களைப் பத்திப் பேசப்போறேன்” என்றேன். “நல்லாப் பேசுங்க மாப்பிள்ளை” என்றார். எதைப் பற்றி என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். நோய் வருமுன் காக்க நாம் தயங்குவது அச்சத்தாலா, அலட்சியத்தாலா? சீட்டுக் குலுக்கிப் போட்டதில் எனக்கு அச்சம் வந்தது. அலட்சியம் வந்திருந்தால் அதற்கும் பேசியிருப்பேன், அதை ஒளிக்கவில்லை. ஆனால் இந்த இரண்டு வாரம் யோசித்துப் பார்த்ததில் சீட்டு சரியான ஆள் கையில்தான் விழுந்திருக்கிறது என்று தோன்றுகிறது.

அதற்கு முன்னால் ஒரு பாக்கி தீர்க்க வேண்டியிருக்கிறது. எதிரணித் தலைவி அக்கா பேசும்போது என்ன சொன்னார்? “தம்பி அச்சம் அச்சம் என்று வாதாட வந்திருக்கிறார். அவர் வயிற்றைக் கொஞ்சம் பாருங்கள். அது அச்சத்தில் வளர்ந்ததா, அலட்சியத்தில் வளர்ந்ததா?” கேட்டுவிட்டு, நீங்கள் சிரித்து முடிக்கும்வரை நிதானமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றார். நானும் கவனித்தேன். முன்வரிசை சிரித்தது, சரி, பக்கத்தில் இருக்கிறார்கள், தெரிகிறது. கடைசி வரிசையும் சிரித்ததே! அங்கே வரைக்குமா தெரிகிறது?

பதில் சொல்கிறேன். அக்கா, இது அச்சத்தில் வளர்ந்த வயிறுதான். தீபாவளி அன்றைக்கு ஐந்து வீட்டுக்குப் போகிறோம். முதல் வீட்டில் பிரியாணி. வேண்டாம் என்றால், “ஏன், எங்க வீட்டுச் சாப்பாடு பிடிக்கலையா?” பயம். சாப்பிட்டேன். இரண்டாவது வீட்டில் தண்ணீர் மட்டும் போதும் என்றேன். “அங்க ரெண்டு தட்டு சாப்பிட்டீங்களாமே, இங்க வெறும் தண்ணியா?” நான் லிஃப்ட்டில் ஏறுவதற்குள் செய்தி வாட்ஸ்அப்பில் ஏறிவிட்டது. பயம். சாப்பிட்டேன். மூன்றாவது வீடு மாமியார் வீடு. அதை நான் விளக்கப் போவதில்லை. மாமனார் மூன்றாவது வரிசையில் இருக்கிறார் என்றால் மாமியார் எங்கே இருப்பார் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நடுவர் அவர்களே, ஒரு முறுக்கைக்கூட நான் ஆசைப்பட்டுத் தின்றதில்லை. பயந்து பயந்து தின்று வளர்த்த வயிறு இது.

இன்னும் முடியவில்லை. அக்கா தொட்டுவிட்டார், அவ்வளவு சீக்கிரம் விடமாட்டேன். இடுப்புச் சுற்றளவு ஆசிய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. அதைத் தாண்டினால் ஆபத்து என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். எடைக்கும் உயரத்துக்கும் போடுகிற பிஎம்ஐ கணக்கு இருக்கிறதே, அதில் மேல்நாட்டில் 25 வரைக்கும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், இங்கே சிங்கப்பூரில் 23-லேயே மணி அடித்துவிடுவார்கள். நம் உடம்புவாகு அப்படி. அதே எடையுள்ள வெள்ளைக்காரரைவிட நமக்குக் கொழுப்பு அதிகம். சரி, என் சுற்றளவு எவ்வளவு? 96. எப்படித் தெரியும்? நானே அளந்தேன். ஒருநாள் ராத்திரி, கதவைச் சாத்திக்கொண்டு, மனைவியின் தையல் டேப்பை எடுத்து, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு அளந்தேன். இழுத்தும் 96.

அளந்த பிறகு அந்த டேப்பை என்ன செய்தேன் தெரியுமா? தையல் பெட்டியின் அடியில், நூல்கண்டுக்கெல்லாம் அடியில் புதைத்து வைத்தேன். மனைவி இரண்டு நாள் ஜாக்கெட் தைக்க முடியாமல் தேடினாள். அலட்சியக்காரன் அளக்கவே மாட்டான், நடுவர் அவர்களே. அளந்துவிட்டு டேப்பை ஒளிக்கிறவன் பயந்தவன். அக்கா என் வயிற்றைக் காட்டி என் அணிக்கே சாட்சி சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

போகிற போக்கில் இன்னொன்று. இடைவேளையில் அக்கா பின்னால் நின்று “தே ஓ கொசோங்” என்று தேநீர் கேட்டு வாங்கினார். பாலில்லை, சீனியில்லை. பாராட்டுகிறேன். கையில் மூன்று பருப்பு வடை. 2023 டிசம்பர் 30 முதல் கடையில் கலக்கிக் கொடுக்கும் பானத்துக்கும், சீனி எவ்வளவு என்று காட்டும் நியூட்ரி-கிரேடு எழுத்து வந்துவிட்டது. வடைக்கு இன்னும் வரவில்லை என்பது அக்காவின் அதிர்ஷ்டம்.

பாக்கி தீர்ந்தது. விஷயத்துக்கு வருகிறேன்.

அலட்சியம் என்று எதிரணி எதைச் சொல்கிறது? நேரமில்லை, காசு செலவாகும், தூரம். இந்த மூன்று சாக்கையும் இந்த ஊரில் பிடுங்கிப் போட்டாயிற்று. 2023 ஜூலையில் ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசாங்கச் சுகாதாரத் திட்டம் வந்தது. வீட்டுக்குப் பக்கத்து டாக்டர் ஒருவரைக் குடும்ப டாக்டராகப் பிடித்துக்கொள்ளலாம். முதல் தடவை உட்கார்ந்து பேசக் காசில்லை. பேசிவிட்டு வந்தால் 20 வெள்ளி மதிப்புள்ள புள்ளிகளை அவர்களே நமக்குத் தருகிறார்கள். சேர்ந்த குடிமக்களுக்கு வயதுக்கேற்ற பரிசோதனைகளும் தடுப்பூசிகளும் இலவசம். சோம்பேறியாக இருந்தாலும் போய்விட்டு வரலாம்.

நாம் சோம்பேறிகளும் இல்லை. 2015-ல் தேசிய அளவில் நடைச் சவால் ஆரம்பித்து, அடியை எண்ணக் கையில் கட்ட ஒரு பட்டையும், நடந்தால் புள்ளியும் கொடுத்தார்களே, அன்றைக்கு ஆரம்பித்த நடை இன்னும் நிற்கவில்லை. தேக்காவில் கீரை வாங்கிவிட்டு பஸ் ஏறாமல் சிராங்கூன் சாலை முழுக்க நடக்கிறார்கள். பெருமாள் கோயிலில் பிரதட்சிணம் வருகிற சிலரைப் பாருங்கள், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருதடவை மணிக்கட்டைப் பார்ப்பார்கள். பாதி சுற்று பெருமாளுக்கு, பாதி சுற்று புள்ளிக்கு. நடக்கச் சொன்னால் நடக்கிறோம். சீனியைக் குறைக்கச் சொன்னால், காலையிலாவது குறைக்கிறோம். ஆனால் அதே ஆளிடம், “ஒரு டியூப் ரத்தம் கொடுத்துட்டு வாங்க, மூணு நாள்ல ரிசல்ட் வந்துடும்” என்று சொல்லிப் பாருங்கள். “அடுத்த மாசம் பாக்கலாம்.” பத்தாயிரம் அடி நடக்கிற கால் கிளினிக் வாசலில் மட்டும் நிற்கிறதே, அது அலட்சியமா?

இப்போது மாமனார்.

என் மாமனார் துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர். தரையிலிருந்து பார்த்தால் நமக்குத் தலை சுற்றும், அவர் அங்கே உட்கார்ந்து மீ கோரெங் சாப்பிடுவார். ஒருதடவை அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே மலைப்பாம்பு வந்து எல்லாரும் படம் எடுத்துக்கொண்டு நின்றபோது, அவர் மட்டும் அதைத் தாண்டிப் போய் குப்பையைப் போட்டுவிட்டு வந்தார். பயம் என்றால் என்னவென்று தெரியாத மனிதர். ஒருநாள் மாமியார் புளோக்குக்குக் கீழே நடந்த சுகாதார நிகழ்ச்சியிலிருந்து ஒரு சின்னப் பையை வாங்கிக்கொண்டு வந்தார். 50 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை குடல் புற்றுநோய்க்கான பரிசோதனை. இலவசம். டாக்டர் வேண்டாம், ஊசி வேண்டாம். வீட்டிலேயே, வெவ்வேறு இரண்டு நாளில், ஒரு குச்சியால் துளி மலத்தைத் தொட்டுக் குழாயில் போட்டு மூடி, தேதி எழுதி, உறையில் வைத்துத் தபாலில் போட வேண்டும். தபால்தலைகூட ஒட்ட வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருந்தாலும் கண்டுபிடித்துவிடும்.

மாமா பையைத் திறந்தார். நான்கு மொழியிலும் விளக்கம் படித்தார். மூடினார். சாமி அலமாரியில், முருகன் படத்துக்குக் கீழே கொண்டுபோய் வைத்தார்.

“ஏன் மாமா அங்க வச்சிருக்கீங்க?”

“நல்ல நாள் பாத்துப் பண்ணலாம் மாப்பிள்ளை.”

நானும் பஞ்சாங்கத்தில் எல்லா யோகமும் பார்த்திருக்கிறேன். அந்தக் காரியத்துக்கு எந்த ஹோரை நல்லது என்று எந்த ஜோசியரும் போடவில்லை. ஆனால் மாமா பார்த்தார். பை வந்தது ஆடி. ஆடியில் புதுக் காரியம் ஆரம்பிக்கக்கூடாது. ஆவணி, யார் யாருக்கோ கல்யாணம். புரட்டாசி, விரதம். விரத நாளில் அதையெல்லாம் கையால் தொடுவதா? ஐப்பசி தீபாவளி, வீட்டில் விருந்தாளி. கார்த்திகை விளக்கு. மார்கழி, கேட்கவே வேண்டாம். தை வந்தது, தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறார். மாசியில் கேட்டேன். “பங்குனி உத்திரம் போகட்டும் மாப்பிள்ளை” என்றார். எட்டு மாதம். முருகனுக்கு ஆறு முகம், பன்னிரண்டு கண், அந்தப் பன்னிரண்டு கண்ணாலும் அவர் அந்தப் பையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இதற்கு நடுவில் ஆயுத பூஜை வந்தது. மாமியார் வீட்டில் இருக்கிற எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார். ரைஸ் குக்கர், மிக்ஸி, துணி துவைக்கிற மெஷின், மாமாவின் பஸ் கார்டு. சாமி அலமாரியைத் துடைத்துவிட்டு அங்கே இருந்த பைக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார். சிங்கப்பூரிலேயே பூஜையில் பொட்டு வாங்கிய ஒரே மலப் பரிசோதனைப் பை எங்கள் வீட்டுப் பைதான்.

(மாமா, சிரிக்கிறீர்களா, முறைக்கிறீர்களா என்று வெளிச்சத்தில் தெரியவில்லை. நான் முடித்துவிட்டு வந்து மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.)

இப்போது எதிர்வீட்டுச் சீனத் தாத்தா ஆ பெக்கைக் கொண்டு வருகிறேன். எழுபத்தொரு வயது. ஆண்டுதோறும் இந்தப் பரிசோதனையைப் பண்ணுகிற மனிதர். மாமாவும் அவரும் முப்பது வருடமாகச் சந்தைப் பேச்சான பசார் மலாயில்தான் பேசிக்கொள்வார்கள். ஒருநாள் சாயங்காலம் லிஃப்ட்டில் ஏழு பேர். மாமா, ஆ பெக், கீழ் மாடி மலாய்க்கார அம்மா மக்சிக், அவர் பேரன், பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பேர், ஓர் உணவு டெலிவரிப் பையன். லிஃப்ட் கதவு மூடியது. ஆ பெக் உரத்த குரலில், மிகுந்த அன்போடு கேட்டார்: “அங்கிள்! பங் சாய் சுடா ஹந்தார்?”

பங் சாய் என்றால் என்ன என்று இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மெதுவாகக் கேளுங்கள். ‘அனுப்பியாச்சா’ என்பது மற்றதன் அர்த்தம்.

மாமா மேலே எரிகிற நம்பரைப் பார்த்தார். மூன்று. நான்கு. ஆ பெக் விடவில்லை. தான் போன வாரமே அனுப்பிவிட்டதாகவும், ரொம்ப சுலபம் என்றும், குச்சியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்றும் கையால் காட்டினார். மக்சிக் சேர்ந்துகொண்டார். தன் வீட்டுக்காரரும் அனுப்பிவிட்டாராம். டெலிவரிப் பையன் கையில் யாருக்கோ போகிற சாப்பாடு. அவன் அந்தப் பொட்டலத்தை மெதுவாகத் தன் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

லிஃப்ட் ஐந்தில் நின்றது. எங்கள் வீடு ஒன்பதில். மாமா ஐந்தில் இறங்கி நடந்தார்.

அன்றைக்கு மட்டுமல்ல, அடுத்த இரண்டு வாரமும் லிஃப்ட் பக்கமே போகவில்லை. ஒன்பது மாடி ஏறினார், இறங்கினார். ஆ பெக் சந்தைக்குப் போகிற நேரம், சீட்டு விளையாடப் போகிற நேரம் எல்லாம் கணக்கு வைத்துக்கொண்டு ஏறினார். அந்த இரண்டு வாரத்தில் அவருக்கு வந்த நடைப் புள்ளி, அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் வந்ததைவிட அதிகம். பரிசாக வற்றல் மிளகாய் வாங்கிக்கொண்டு வந்தார். அலட்சியக்காரர் ஒன்பது மாடி ஏறுவாரா, அக்கா? நீங்களே சொல்லுங்கள். வேண்டாம், சொல்லாதீர்கள், உங்களுக்கு முடிவுரையில் நேரம் இருக்கிறது.

நானும் இதை வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் வேடிக்கையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். சீனருக்குக் கூச்சமில்லை, நமக்குக் கூச்சம், அவ்வளவுதான் என்று. ஆ பெக் சீன வைத்தியரிடம் போனால் அவர் நாக்கை நீட்டச் சொல்வார், நாடி பார்ப்பார், வயிறு எப்படிப் போகிறது என்று விவரமாகக் கேட்பார். அவர்களுக்கு அது சின்ன வயதிலிருந்து டாக்டரிடம் பேசுகிற பேச்சு. நமக்கு அது ‘வெளியே போயிருக்கார்’. ஆகவே கூச்சம் என்று முடிவுகட்டியிருந்தேன்.

ஒருநாள் ராத்திரி. மாமியார் தூங்கிவிட்டார். மாமாவும் நானும் தாழ்வாரத்தில், கறிவேப்பிலைத் தொட்டி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். அவராகவே ஆரம்பித்தார்.

“மாப்பிள்ளை, அதை அனுப்பினா பதில் வரும்ல?”

“வரும் மாமா. வீட்டுக்கே லெட்டர் வரும்.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அதான்” என்றார்.

நடுவர் அவர்களே, என் வாதம் முழுவதும் அந்த ‘அதான்’தான். எட்டு மாதம் ஆடி, ஆவணி என்று அவர் தள்ளிப்போட்டது பரிசோதனையை இல்லை. பதிலை.

வருமுன் காப்பது நமக்குப் புதிதா? சுகாதார மேம்பாட்டு வாரியம் இந்த ஊரில் 2001-ல் வந்தது. அதற்கு எவ்வளவோ காலத்துக்கு முன்பே நம் பாட்டிகள் விளக்கெண்ணெய் வாரியம் நடத்திக்கொண்டிருந்தார்கள். பள்ளி விடுமுறை வந்தால் மூக்கைப் பிடித்து ஊற்றுவார்கள். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம், மழைக்காலத்துக்கு மிளகு ரசம். வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்று சொன்ன இனம் இது. மக்சிக் வீட்டில் பிள்ளை பெற்றால் 44 நாள் பந்தாங், நம் பத்தியம் மாதிரி, வயிற்றைக் கட்டுவார்கள், ஜாமு என்ற மூலிகை மருந்து கொடுப்பார்கள். ஆ பெக் வீட்டில் உடம்புச் சூட்டுக்குச் செவ்வந்திப்பூத் தண்ணீர், பார்லித் தண்ணீர். மூன்று வீட்டிலும் தடுப்பு மருந்து இருக்கிறது. பிறகு ஏன் கிளினிக் வாசலில் கால் நிற்கிறது?

கஷாயம் எதையும் சொல்லாது. குடித்தோம், படுத்தோம், அது பாட்டுக்கு உள்ளே வேலை செய்யும் என்று நம்பிக்கொள்ளலாம். பரிசோதனை சொல்லிவிடும். பேர் வைத்துச் சொல்லிவிடும். நமக்கு நோயைவிட அந்தப் பேர்மேல்தான் பயம்.

பேர் சொல்லாமலே வாழ்ந்து பழகிய ஜனம் நாம். பாம்பு என்று ராத்திரியில் சொல்லமாட்டோம், பூச்சி. விளக்கை அணை என்று சொல்லமாட்டோம், அமர்த்து. வாசலில் நின்று ‘போறேன்’ என்று சொல்லிப் பாருங்கள், உள்ளேயிருந்து ஓடிவந்து ‘போயிட்டு வரேன்னு சொல்லு’ என்பார்கள். பெரியம்மை வந்தால் அதை நோய் என்றா சொன்னோம்? அம்மா வந்திருக்கிறாள் என்றோம். புற்றுநோய்க்கு இன்றைக்கும் நம் வீடுகளில் பேர் கிடையாது. “அவருக்கு அந்த வியாதியாம்.” குரல் தானாகத் தணிந்துவிடும்.

நாம் மட்டுமா? ஆ பெக்கை அவ்வளவு தைரியசாலி என்றேனே, அவரிடம் நான்கு என்ற எண்ணைச் சொல்லிப் பாருங்கள். சீனத்தில் நான்குக்கும் சாவுக்கும் ஏறக்குறைய ஒரே ஒலி. கார் நம்பரில் நான்கு வந்தால் முகம் மாறிவிடும். யாராவது கெட்ட வார்த்தை வாய்விட்டால் “சொய்!” என்று அந்தப் பேச்சைத் துப்பிவிடுவார். மலாய்ப் பெரியவர்கள் காட்டுக்குள் புலியைப் புலி என்று கூப்பிடமாட்டார்கள், தாத்தா என்பார்கள். சர்க்கரை வியாதிக்கு என்ன பேர் வைத்திருக்கிறோம்? இங்கே நம் பெரியவர்கள் இனிப்பு நீர் என்பார்கள். மலாயில் கெஞ்சிங் மானிஸ், அதே அர்த்தம். சீனத்திலும் பேருக்குள் சீனி இருக்கிறது. மூன்று சமூகமும் ஓர் உயிர்க்கொல்லிக்கு இனிப்பான பேர் வைத்து உட்கார்ந்திருக்கிறோம்.

அந்த இனிப்பு நம்மிடம்தான் அதிகம். 2017 தேசிய தினப் பேரணியில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங், வழக்கமான பொருளாதாரத்தை விட்டுவிட்டு நீரிழிவைப் பற்றி நீளமாகப் பேசினார். ஒன்பது பேரில் ஒருவருக்கு இருக்கிறது என்றார். 60 வயதைத் தாண்டிய மலாய்க்காரர்களில் பத்துக்கு ஐந்து பேர், இந்தியர்களில் பத்துக்கு ஆறு பேர் என்றார். அந்தக் கணக்கை இந்த மண்டபத்து முன்வரிசைக்குப் போட்டுப் பார்க்க எனக்கு மனமில்லை. நீங்களும் பக்கத்தில் பார்க்காதீர்கள். பார்க்கிறீர்கள். சரி.

அண்ணன் ஒருவர் எதிரணியிலிருந்து கேட்டார், “பயந்தவன் டாக்டரிடம் ஓடத்தானே செய்வான்?” என்று. அண்ணே, அது தன் உயிருக்குப் பயப்படுகிறவன். நம் வீடுகளில் பயம் வேறு மாதிரி. எனக்கு ஒன்று என்றால் பிள்ளை வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் உட்காருமே. பெண் பார்க்க வருகிறவர்கள், ‘குடும்பத்தில் யாருக்காவது இருக்கிறதா’ என்று கேட்பார்களே. மருத்துவச் சேமிப்பான மெடிசேவில் இருக்கிறதெல்லாம் கரைந்துவிடுமே. இதற்குப் பேர் அலட்சியமா?

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டீர்கள், கேட்டது. வயிற்றுக்குக் கொடுத்த நேரம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. இரண்டு நிமிடம் கொடுங்கள். இது என் மாமனார் கதை இல்லை. இது நான் எழுதிக்கொண்டு வந்ததும் இல்லை.

2002-ல் இந்த ஊரில் பெண்களுக்கு மார்பகப் பரிசோதனைத் திட்டம் வந்தது. 50 வயதைத் தாண்டியவர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மேமோகிராம். எடுப்பவர்களும் பெண்கள்தான். வரச்சொல்லி வீட்டுக்கே கடிதம் அனுப்பினார்கள். என் அம்மாவுக்கும் வந்தது. நான் அப்போது வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தேன். “என்னம்மா லெட்டர்?” என்றேன். “சும்மா, கவர்மெண்டு அனுப்புறது” என்றார். நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அலட்சியம் என்று இந்தத் தலைப்பில் ஒன்று இருக்கிறதென்றால், அது அன்றைக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிய எனக்குச் சொந்தம். அம்மாவுக்கு இல்லை.

என் கல்யாணம் 2008-ல். அது முடிந்த மறுவருடம்தான் அம்மா வலிக்கிறது என்று சொன்னார். எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்டார். அம்மா என் மனைவியைப் பார்த்துவிட்டு, “இப்பத்தான்” என்றார். அது இப்போது வந்ததில்லை என்று டாக்டருக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். வெகுநாள் கழித்து, மருந்து ஏறிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், என்னிடம் மட்டும் சொன்னார்: “முன்னாடியே போயி ஏதாச்சும் இருக்குன்னு சொல்லிட்டாங்கன்னா, பொண்ணு வீட்டுல யோசிப்பாங்கல்லப்பா.” அவ்வளவுதான் சொன்னார். மாமா, நீங்கள் யோசித்திருக்கமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியவில்லை.

2010-ல் அம்மா போனபிறகு அலமாரியை ஒழித்தோம். கல்யாணப் பட்டுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் உறையில் மூன்று கடிதங்கள். 2003, 2005, 2007. அக்கா, வேண்டாத கடிதத்தை நாம் என்ன செய்வோம்? கீழே தபால் பெட்டிக்குப் பக்கத்திலேயே குப்பைத் தொட்டி இருக்கிறது. அம்மா போடவில்லை. நான்காக மடித்து, தாலிக்கொடி வைக்கிற இடத்தில் வைத்திருந்தார்.

முதல் கடிதத்தைப் பிரித்தேன். ஓரத்தில் பென்சிலில், அம்மாவின் கையெழுத்தில், ஒரு பஸ் நம்பர். எந்த நம்பர் என்று சொல்லமாட்டேன். அதற்குக் கீழே, ‘சில்லறை எடுத்துக்கணும்’ என்று எழுதியிருந்தது. இரண்டாவது கடிதத்திலும் அதே நம்பர்.

மூன்றாவது கடிதத்தில் நம்பர் வேறு. எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. 2007-க்குள் நாங்கள் வீடு மாறியிருந்தோம். புது வீட்டிலிருந்து அங்கே எந்த பஸ் போகும் என்று அம்மா மறுபடியும் யாரையோ கேட்டிருக்கிறார்.

என்னைக் கேட்கவில்லை.